இரண்டு பன்றிகளும் ஒரு மாட்டுத்தோலும்: தீவாந்தர தண்டனை எப்படி நடந்தது?

ஆஸ்திரேலியா பற்றிப் பேச்சு வந்தால், "அது கைதிகள் போய்க் கட்டிய நாடுதானே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஒரு ரொட்டி திருடியதற்காகக் கப்பலேற்றிவிட்டார்கள் என்ற கதையும் கூடவே வரும். கேட்பவர்களுக்குச் சில சந்தேகங்கள் எழுவது இயல்பு. ஆடு, மாடு, பன்றி திருடியவனை உலகத்தின் மறுகோடி வரைக்கும் அரசாங்கம் செலவு செய்து அனுப்புமா? ஏழு ஆண்டு என்று தீர்ப்பு எழுதினால், எட்டாவது ஆண்டு அவன் ஏன் வீட்டுக்குத் திரும்பவில்லை? அங்கே அவனைச் சிறையில் வைத்தார்களா, வெளியே விட்டார்களா?

இதை ஒரே ஒரு மனிதனின் வாழ்க்கையை வைத்துப் பார்க்கலாம். அவர் பெயர் ஜான் கெல்லி. அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்துக்காரர், 1820-இல் பிறந்தவர். 1841-இல் இரண்டு பன்றிகளைத் திருடியதற்காக ஏழாண்டு தண்டனை பெற்றார். இவர் பின்னாளில் ஆஸ்திரேலியாவின் மிகப் பிரபலமான கொள்ளைக்காரனான நெட் கெல்லியின் அப்பா. மகன் புகழ் பெற்றதால் அப்பாவின் காகிதங்களையும் ஆய்வாளர்கள் விடாமல் துருவியிருக்கிறார்கள். மற்றபடி இவர் ஆயிரக்கணக்கான சாதாரணக் கைதிகளில் ஒருவர்தான். நமக்கு அதுதான் வசதி.

முதலில் சொல்லைச் சரி செய்துகொள்வோம்

நம் செய்தித்தாள்களில் "நாடு கடத்தல்" என்ற ஒரே சொல் மூன்று வேறு விஷயங்களுக்குப் பயன்படுகிறது. குழப்பத்தில் பாதி இங்கிருந்தே தொடங்குகிறது.

1. வங்கியில் கோடிக்கணக்கில் கடன் வாங்கிவிட்டு லண்டனுக்கு ஓடியவரை, வழக்கை எதிர்கொள்ள இந்தியாவிடம் ஒப்படைக்கச் சொல்வது. இது இரண்டு அரசுகளுக்கு இடையிலான ஒப்படைப்பு.

2. உரிய ஆவணம் இல்லாமல் அமெரிக்காவில் இருந்தவர்களை விமானத்தில் ஏற்றி அமிர்தசரஸில் இறக்குவது. இது வெளிநாட்டவரை அவரவர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் வெளியேற்றம்.

3. ஒரு அரசு தன் சொந்தக் குடிமகனையே தண்டனையாகக் கடல் தாண்டி அனுப்பி, அங்கே வேலை வாங்குவது.

இந்தக் கட்டுரை மூன்றாவது வகையைப் பற்றியது. இதற்குத் தமிழில் நல்ல பழைய சொல் ஒன்று உண்டு: தீவாந்தரம். தீவாந்தர தண்டனை, தீவாந்தர சிட்சை என்று நம் தாத்தா காலத்தில் சொன்னார்கள். சொல் இங்கே புழங்கக் காரணம், அந்தத் தண்டனையும் இங்கே இருந்ததுதான். 1802-இல் பாளையக்காரர் போரில் பிடிபட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களில் ஒருவர். அரசியல் கைதிகள் மட்டும் போகவில்லை. சென்னை மாகாணத்தின் சாதாரணக் குற்றவாளிகளும் பினாங்கு, பென்கூலன், சிங்கப்பூர் என்று போனார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அதன் சுவரில் பூசியது முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்த சென்னைச் சுண்ணாம்பு. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் "ஆயுள் தீவாந்தரம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஆயுள் சிறை" என்று மாற்றியது 1955-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். சுதந்திரம் வந்து எட்டு ஆண்டுகள் அந்தச் சொல் சட்டப் புத்தகத்திலேயே கிடந்தது.

சரி, அயர்லாந்துக்குப் போவோம்.

ஆட்டுக்குத் தூக்கு, பன்றிக்குக் கப்பல்

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆடு திருடினால் மரண தண்டனை. 1741-இல் அந்தச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே மாடு, கன்று, காளை எல்லாம் அதில் சேர்ந்தன. குதிரைத் திருட்டுக்கு அதற்கும் முன்பிருந்தே தூக்குதான்.

ஒரு ஆட்டுக்கு ஒரு உயிரா என்று இன்று கேட்கத் தோன்றும். அன்றைய நிலவரம் இப்படி: ஆடு திறந்த வெளியில் மேய்கிறது, பெட்டியில் வைத்துப் பூட்ட முடியாது. இரவில் ஓட்டிக்கொண்டு போய் அறுத்துவிட்டால் அடையாளமும் இல்லை. முறையான போலீஸ் கிடையாது. லண்டன் மாநகரக் காவல்துறையே 1829-இல்தான் வந்தது. திருடனைப் பிடிக்கும் வாய்ப்பு குறைவு என்பதால், பிடிபட்ட ஒருவனை வைத்து மற்ற நூறு பேரைப் பயமுறுத்தும் ஏற்பாடு அது. சட்டம் எழுதிய நாடாளுமன்றம் நிலக்கிழார்களால் நிரம்பியிருந்தது என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

ஆனால் சட்டம் எவ்வளவு கொடூரமோ, நடைமுறை அவ்வளவு இல்லை. ஒரு ஆட்டுக்காக ஒருவனைத் தூக்கில் தொங்கவிட ஜூரிகளுக்கே மனம் வரவில்லை. குற்றவாளி இல்லை என்று விட்டுவிடுவார்கள். தீர்ப்பு தூக்கு என்று வந்தாலும் பெரும்பாலும் மன்னிப்பு கிடைக்கும், அந்த மன்னிப்போடு ஒரு நிபந்தனையும் வரும்: கடல் தாண்டிப் போக வேண்டும். தூக்குக்கும் விடுதலைக்கும் நடுவில் நீதிபதிக்கு ஒரு வழி தேவைப்பட்டது. தீவாந்தரம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. கடைசியில் 1832-இல் ஆடு, மாடு, குதிரைத் திருட்டுக்கு இருந்த மரண தண்டனையை எடுத்துவிட்டார்கள்.

பன்றி இந்தப் பட்டியலில் எப்போதுமே இல்லை. சட்டம் பெயர் சொல்லிக் காத்தது ஆடு, மாடு, குதிரையை. பன்றித் திருட்டு சாதாரணத் திருட்டுக் கணக்கில் வந்தது, அதற்கு அதிகபட்சம் ஏழாண்டுத் தீவாந்தரம். அதனால் ஜான் கெல்லிக்குக் கிடைத்தது சட்டம் அனுமதித்த உச்சம் என்றாலும், அன்றைய அளவுகோலில் அது சின்னத் தண்டனை. தீவாந்தரத்தில் ஏழு, பதினான்கு, ஆயுள் என்ற மூன்றுமே வழக்கமான அளவுகள்.

டிப்பரரியில் ஒரு பன்றி என்றால் என்ன?

1841 கணக்கெடுப்பில் அயர்லாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 82 லட்சம். கிராமத்து ஏழைக் குடும்பத்துக்குச் சொந்த நிலம் கிடையாது. ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போடுவார்கள். கிழங்கு குடும்பத்துக்கு, தோலும் சொத்தைக் கிழங்கும் பன்றிக்கு. வளர்ந்த பன்றியைச் சந்தையில் விற்றுக் குத்தகைப் பணம் கட்ட வேண்டும். பன்றியை "வாடகை கட்டும் கனவான்" என்றே அங்கே கேலியாகச் சொல்வார்கள். அந்தக் கனவான் காணாமல் போனால் குத்தகை பாக்கி விழும், பாக்கி விழுந்தால் குடிசையை விட்டு வெளியேற்றம்.

ரொட்டிக் கதையோடு எனக்கு ஒத்துவராத இடம் இதுதான். இரண்டு பன்றிகளை ஓட்டிக்கொண்டு போவது அன்றிரவுப் பசிக்காகச் செய்யும் காரியம் இல்லை. அது விற்பதற்கான சரக்கு. பன்றியைப் பறிகொடுத்தவரும் மாளிகையில் இருக்கும் பிரபுவாக இருப்பது அபூர்வம், பெரும்பாலும் பக்கத்து ஊர்ச் சிறு விவசாயிதான். கைதிகள் எல்லாரும் அப்பாவிகள் என்பதும், எல்லாரும் பிறவித் திருடர்கள் என்பதும் பிற்காலத்தில் வசதிக்கேற்ப எழுதிக்கொண்ட கதைகள். அயர்லாந்திலிருந்து போனவர்களில் கிராமத்துக் கூலிகள் நிறைய, அதற்கு முன் வேறு வழக்கே இல்லாதவர்களும் நிறைய. கெல்லியும் ஒரு கூலி விவசாயியின் மகன்.

நான்கு ஆண்டு கழித்து 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் பஞ்சத்தில் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறிப் போனார்கள். ஆடு மாடு திருடித் தீவாந்தரம் போனவர்களின் எண்ணிக்கை அப்போது எகிறியது. அந்த வருஷங்களில் கெல்லி ஊரில் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கப்பல்: செத்தவனுக்கும் அதே கட்டணம்

பிரிட்டன் முதலில் கைதிகளை அமெரிக்காவுக்குத்தான் அனுப்பியது. 1718-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. சுமார் 50,000 பேர் போனார்கள். அமெரிக்கா சுதந்திரத்துக்குப் போராடத் தொடங்கியதும் அந்தக் கதவு மூடியது. சிறைகள் நிரம்பின. ஓட்டை உடைசல் கப்பல்களை ஆற்றில் நங்கூரமிட்டு மிதக்கும் சிறைகளாக்கினார்கள். 1788-இல் பதினொரு கப்பல்கள் சிட்னிக்குப் போய்ச் சேர்ந்தன. அதிலிருந்து 1868 வரை எண்பது ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவுக்கு ஏறக்குறைய 1,62,000 கைதிகள் போனார்கள்.

இந்தப் பயணத்தில் பணம் எப்படி வேலை செய்தது என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். 1790-இல் போன இரண்டாவது கப்பல் தொகுதியை ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் விட்டார்கள். அடிமை வியாபாரத்தில் பழகிய நிறுவனம் அது. தலைக்கு 17 பவுண்டுச் சொச்சம் கட்டணம். கப்பலில் ஏறும் தலைக்குத்தான் பணம், உயிரோடு இறங்குகிறானா என்பது கணக்கில் இல்லை. ஒப்பந்தக்காரருக்கு ஒரு கைதி வழியில் செத்தால் அவன் சோறு மிச்சம். சுமார் ஆயிரம் பேர் ஏறினார்கள், கால்வாசிப் பேர் கடலிலேயே செத்துப்போனார்கள்.

பிறகு கணக்கை மாற்றினார்கள். ஒவ்வொரு கப்பலிலும் கடற்படை மருத்துவர் ஒருவர், கப்பல் தலைவனுக்குக் கட்டுப்படாமல் நேராக அரசுக்குப் பதில் சொல்பவராக வந்தார். கைதிகளை நல்ல நிலையில் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவருக்கு ஊக்கத்தொகை. தினமும் தளத்தைக் கழுவுவது, படுக்கையை வெயிலில் போடுவது, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் தாக்காமல் எலுமிச்சைச் சாறு கொடுப்பது எல்லாம் கட்டாயமாயின. 1815-க்குப் பிறகு சாவு நூற்றுக்கு ஒருவர் அளவுக்கு இறங்கிவிட்டது. கைதிகள் மேல் திடீரென்று இரக்கம் பிறந்துவிடவில்லை. யாருக்கு எதற்குக் காசு என்பதைத்தான் மாற்றினார்கள்.

ஜான் கெல்லி இந்தச் சீர்திருத்தக் காலத்தில் போனவர். "பிரின்ஸ் ரீஜன்ட்" என்ற கப்பல் அவரை 1842 ஜனவரி 2-ஆம் தேதி ஹோபார்ட் துறைமுகத்தில் இறக்கியது. இடத்தின் பெயர் அப்போது வான் டீமன்ஸ் லேண்ட், இன்றைய டாஸ்மேனியா. தண்டனைக் காலம் தீர்ப்பு நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். அதனால் தீவில் கால் வைக்கும்போதே கெல்லியின் ஏழில் ஏறக்குறைய ஒன்று கழிந்திருந்தது.

தீவில் ஒரு கைதியின் படிகள்

"அங்கே சிறையில் வைத்தார்களா?" என்ற கேள்விக்கு இப்போது வரலாம். பெரும்பாலானோரைச் சிறைச் சுவருக்குள் வைக்கவில்லை. போர்ட் ஆர்தர் போன்ற கொடும் முகாம்கள் இருந்தன. அவை பெரும்பாலும் தீவுக்கு வந்த பிறகு மறுபடி குற்றம் செய்தவர்களுக்கு. மற்றவர்களுக்குச் சுற்றியிருந்த கடலே சுவர்.

கப்பல் வந்ததும் முதல் வேலை காகித வேலை. எழுத்தர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்: பெயர், வயது, தொழில், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வீட்டில் யார் யார், என்ன குற்றம். உயரத்தை அளப்பார்கள். கண் நிறம், முடி நிறம், தழும்பு, பச்சை குத்தியது எல்லாம் பதிவாகும். கைரேகையும் புகைப்படமும் வராத காலத்தில் ஒரு மனிதனைத் தப்பவிடாமல் வைத்திருக்க இதுதான் வழி. அதன் பிறகு அவன் செய்யும் ஒவ்வொரு சின்னத் தப்பும் அதே பக்கத்தில் ஏறிக்கொண்டே போகும். குடித்தது, எதிர்த்துப் பேசியது, வேலைக்கு வராதது, எதுவும் தப்பாது. அன்றைய உலகில் சாதாரண ஏழையைப் பற்றி இத்தனை எழுதிவைத்த அரசாங்கம் வேறு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அடுத்தது வேலை. முந்தைய காலத்தில், வந்த கைதியை அப்படியே ஒரு பண்ணை முதலாளியிடம் ஒதுக்கிவிடுவார்கள். சோறு, துணி, படுக்க இடம் முதலாளி தர வேண்டும், கூலி கிடையாது. இது அடிமை முறைக்குப் பக்கத்தில் போகிறது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று 1838-இல் கண்டித்தது. நல்ல முதலாளி வாய்த்தால் பிழைப்பு, கெட்டவன் வாய்த்தால் சவுக்கு. ஒரே குற்றத்துக்கு இரண்டு பேருக்கு இரண்டு விதமான தண்டனை.

கெல்லி வந்து சேர்ந்த நேரத்தில் அந்த முறையைக் கைவிட்டுப் படிப்படியான முறை ஒன்றைக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். அதன் படிகள் இவை.

1. கும்பல் வேலை. முதலில் அரசாங்கக் கும்பலில் சேர வேண்டும். ரோடு போடுவது, கல் உடைப்பது, காடு வெட்டுவது. கூலி இல்லை. தண்டனைக்கு ஏற்ற காலம் இங்கே கழிய வேண்டும்.

2. அனுமதிச் சீட்டு. கும்பலில் ஒழுங்காக இருந்தால், கூலிக்கு வேலை தேடிக்கொள்ள அனுமதி கிடைக்கும். முதலாளி சம்பளம் தர வேண்டும். ஆனால் 1840-களில் தீவின் பொருளாதாரம் படுத்துவிட்டது. வேலை தேடும் கைதிகள் அதிகம், வேலை தருபவர்கள் குறைவு. காகிதத்தில் இருந்த சம்பளம் கையில் வந்தது கொஞ்சம்தான்.

3. "டிக்கெட் ஆஃப் லீவ்" என்ற விடுப்புச் சீட்டு. பெயரைப் பார்த்து ஊருக்குப் போகும் விடுமுறை என்று நினைத்துவிடக் கூடாது. தனக்குப் பிடித்த வேலையைச் செய்து தானே சம்பாதிக்கலாம், ஆனால் குறிப்பிட்ட மாவட்டத்தை விட்டு நகரக் கூடாது, அழைக்கும்போது வந்து ஆஜராக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும். ஏழாண்டுக்காரருக்கு நான்கு ஆண்டுகளிலும், பதினான்கு ஆண்டுக்காரருக்கு ஆறிலும், ஆயுள் கைதிக்கு எட்டிலும் இது கிடைக்கலாம் என்பது பொதுவான கணக்கு. தப்பு செய்தால் பிடுங்கிக்கொள்வார்கள்.

4. நிபந்தனை மன்னிப்பு. பெரும்பாலும் நீண்ட தண்டனைக்காரர்களுக்கு. சுதந்திரம் உண்டு, பிரிட்டனுக்குத் திரும்பும் உரிமை மட்டும் இல்லை.

5. விடுதலைச் சான்று. ஏழு அல்லது பதினான்கு ஆண்டு முழுமையாக முடிந்ததற்கான காகிதம். ஆயுள் கைதிக்கு இது கிடையாது.

இந்தப் படிகளைப் பார்த்தால் ஒன்று புரியும். இது தண்டனை முறையாக இருந்த அளவுக்கு ஆள் சப்ளை முறையாகவும் இருந்தது. ரோடு, பாலம், துறைமுகம், பண்ணை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். தானாக யாரும் அவ்வளவு தூரம் வந்து கல் உடைக்கப் போவதில்லை.

ஆள் வேண்டியிருந்த அந்த நிலம் யாருடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாஸ்மேனியாவின் பூர்வகுடிகளுக்கும் குடியேறிகளுக்கும் 1820-களில் நடந்த சண்டையில் பூர்வகுடிகள் பெரும்பாலும் அழிந்தார்கள். ஆட்டு மந்தைகளோடு உள்நாட்டுக்குள் முதலில் போனவர்களில் கைதி மேய்ப்பர்கள் நிறைய. மிஞ்சிய பூர்வகுடிகளை அரசாங்கம் ஃபிளிண்டர்ஸ் என்ற சின்னத் தீவுக்குக் கொண்டுபோய் வைத்தது. கெல்லி ஹோபார்ட்டில் இறங்கியபோது அவர்கள் அங்கேதான் நோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். பன்றி திருடியவரைத் தீவுக்குள் கொண்டுவந்தார்கள், எதுவும் திருடாதவர்களைத் தீவை விட்டு அனுப்பினார்கள்.

ஏழு ஆண்டு முடிந்தது, ஏன் திரும்பவில்லை?

ஜான் கெல்லிக்கு 1848 ஜனவரியில் விடுதலைச் சான்று கிடைத்தது. சட்டப்படி அன்று அவர் முழுச் சுதந்திர மனிதர், டிப்பரரிக்குப் போகலாம். போகவில்லை. அவரைப் போலப் பெரும்பாலானோர் போகவில்லை. காரணங்கள் எளிமையானவை.

போகும்போது அரசாங்கம் கப்பல் காசு கொடுத்தது. திரும்பி வருவதற்குக் கொடுக்கவில்லை. நாலைந்து மாதப் பயணத்துக்கான கட்டணத்தை ஒரு முன்னாள் கைதி தன் கூலியில் மிச்சம் பிடிக்க வேண்டும். கப்பலில் மாலுமியாக வேலை செய்துகொண்டே போகலாம், அதற்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். பெண் கைதிகளுக்கு அந்த வழியும் இல்லை. அப்படியே போனாலும் 1848-இல் அயர்லாந்தில் என்ன இருந்தது? பஞ்சம். அங்கிருந்தவர்களே ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

ஆக, ஏழு ஆண்டு என்று நீதிபதி எழுதியது தீர்ப்பின் முதல் வரி மட்டும்தான். எழுதாமல் விட்ட இரண்டாவது வரி, திரும்பி வர வேண்டாம் என்பது. பதினான்கு ஆண்டுக்காரரும் ஆயுள் கைதியும் போய்ச் சேர்ந்த அதே இடத்தில்தான் ஏழாண்டுக்காரரும் போய் நின்றார்.

கெல்லி நீரிணையைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போனார். இன்றைய விக்டோரியா மாநிலம் அப்போது போர்ட் பிலிப் மாவட்டம். வாலன் வாலன் என்ற இடத்தில் ஜேம்ஸ் குவின் என்ற ஐரிஷ் விவசாயியிடம் தச்சு வேலைக்குச் சேர்ந்தார். முதலாளியின் மகள் எல்லனுக்கு வயது 18. 1850 நவம்பர் 18-இல் மெல்பர்ன் செயின்ட் ஃபிரான்சிஸ் தேவாலயத்தில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் பெண்டிகோவுக்குப் போய்த் தோண்டிப் பார்த்தார், கொஞ்சம் கிடைத்தது, பெவரிட்ஜ் என்ற ஊரில் நிலம் வாங்கினார். 1859-இல் அங்கே அவர் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. மகன் நெட் பிறந்ததும் பெவரிட்ஜில்தான்.

தீவை விட்டு வந்தவர்களை எதிர்க்கரை இனிமையாக வரவேற்கவில்லை. "வான்டீமோனியன்" என்பது அங்கே ஒரு வசைச்சொல். 1852-இல் விக்டோரியா ஒரு சட்டமே போட்டது: தீவிலிருந்து வருபவர் தான் முழுமையாக விடுதலை பெற்றவர் என்று நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் விலங்கோடு கடும் உழைப்பு வரை போகலாம். மேலே நான்காம் படியில் சொன்ன நிபந்தனை மன்னிப்புக்காரர்கள்தான் இதில் மாட்டினார்கள். கெல்லி அதற்கு முன்பே வந்துவிட்டார், கையில் இருந்ததும் ஐந்தாம் படிக் காகிதம். அந்த ஒரு தாளுக்கு எவ்வளவு விலை என்று அப்போது தெரிந்திருக்கும். 1853-இல் தீவுக்குக் கைதிகளை அனுப்புவது நின்றது. 1856-இல் தீவு தன் பெயரையே டாஸ்மேனியா என்று மாற்றிக்கொண்டது. பழைய பெயரில் கைதி வாடை அடித்தது.

முன்னால் வந்தவர்களுக்கு வாய்த்தது

இதே வகைத் திருட்டில் வந்து செழித்தவர்களும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். ஜேம்ஸ் ஸ்கொயர் கோழி திருடியவர், நான்கு சேவலும் ஐந்து பெட்டையும். 1788-இல் முதல் கப்பல் தொகுதியில் சிட்னிக்கு வந்தார். பியர் காய்ச்சத் தேவையான ஹாப்ஸ் கொடியை அந்த மண்ணில் முதலில் வளர்த்துக் காட்டிப் பெரும் பணக்காரராக 1822-இல் செத்தார். ஐசக் நிக்கல்ஸ் கழுதை திருடியதற்காக ஏழாண்டு வாங்கியவர். 1791-இல் வந்தார். 1809-இல் சிட்னியின் முதல் தபால் அதிபரானார். கப்பலில் வரும் கடிதங்களை யார் யாரோ பிடுங்கிக்கொண்டு போவதைத் தடுக்க நம்பிக்கையான ஆள் தேடியபோது கிடைத்தவர் ஒரு முன்னாள் கழுதைத் திருடர்.

அவர்கள் கெல்லியை விடத் திறமைசாலிகளா? இருக்கலாம். ஆனால் வந்த காலம் வேறு. 1790-களில் குடியேற்றமே ஒரு சின்னக் கிராமம். எழுதப் படிக்கத் தெரிந்தவர், தொழில் தெரிந்தவர் யாராக இருந்தாலும் தேவை. தண்டனை முடிந்தவர்களுக்கு அரசாங்கமே இலவசமாக நிலம் கொடுத்தது. அரை நூற்றாண்டு கழித்து வந்தவருக்கு அந்த நிலங்கள் ஏற்கெனவே பெரும் மந்தைக்காரர்கள் கையில் இருந்தன.

மாட்டுத்தோல்

1864 வாக்கில் கெல்லி குடும்பம் இன்னும் வடக்கே அவெனல் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. வறுமை கூடியது, குடியும் கூடியது. 1865-இல் ஜான் கெல்லி மறுபடி நீதிமன்றத்தில் நின்றார். இந்த முறை மாடு. மாட்டைத் திருடினார் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. முறைகேடாக ஒரு மாட்டுத்தோலை வைத்திருந்தார் என்பதற்குத் தண்டனை கிடைத்தது.

தோலை வைத்திருப்பது எப்படிக் குற்றமாகும்? அந்த நாட்டில் வேலியில்லாத பெருவெளிகளில் மாடுகள் மேய்ந்தன. யாருடைய மாடு என்பதற்கு உடம்பில் போட்ட சூட்டுக்குறி ஒன்றுதான் சாட்சி. மாட்டை அறுத்தால் இறைச்சி வயிற்றுக்குள் போய்விடும், தோல் மிஞ்சும், அதில் குறி இருக்கும். அதனால் சட்டம் இறைச்சியை விட்டுத் தோலைத் துரத்தியது. தோலுக்குச் சரியான கணக்குச் சொல்ல முடியாவிட்டால் போதும், மாட்டை ஓட்டியதை யாரும் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை.

தண்டனை 25 பவுண்டு அபராதம், கட்டாவிட்டால் ஆறு மாதக் கடுங்காவல். கெல்லியிடம் அந்தப் பணம் இல்லை, உள்ளே போனார். வெளியே வந்தவர் பழைய ஆளாக இல்லை. 1866 டிசம்பரில் குடித்துவிட்டுத் தகராறு செய்ததற்காக ஒரு அபராதம். அதே மாதம் 27-ஆம் தேதி இறந்தார். வயது 46. நீதிமன்றப் படி ஏறாமல் அவர் வாழ்ந்த சுதந்திர வாழ்க்கை, ஹோபார்ட் சான்றிலிருந்து கணக்கிட்டால், பதினேழு ஆண்டு.

எல்லன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிரேட்டா என்ற ஊருக்குப் போனார். மூத்த மகன் நெட் பிறகு போலீஸோடு மோதியதும், கலப்பைத் தகட்டில் கவசம் செய்து போட்டுக்கொண்டதும், 1880 நவம்பர் 11-இல் மெல்பர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டதும் தனிக் கதை. அதற்கு முந்தைய ஆண்டு அவர் சொல்லச் சொல்ல நண்பர் எழுதிய சுமார் 8,000 சொல் கடிதம் ஒன்று இருக்கிறது. கைதி முகாம்களில் ஐரிஷ்காரர்கள் பட்ட சித்திரவதையைப் பற்றி அதில் கோபமாகப் பேசுகிறார். அவர் பிறப்பதற்கு முன்பே அப்பாவின் தண்டனை முடிந்திருந்தது.

அந்தப் பதிவேடுகளுக்கு இப்போது என்ன ஆயிற்று?

ரொம்ப காலம் ஆஸ்திரேலியக் குடும்பங்கள் கைதி முன்னோரைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டால் "தாத்தா வியாபாரத்துக்கு வந்தார்" என்பார்கள். கடந்த ஐம்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது, பரம்பரையில் ஒரு கைதியைக் கண்டுபிடித்தால் கொண்டாட்டம். 2007-இல் யுனெஸ்கோ அந்தக் கைதிப் பதிவேடுகளை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. 2010-இல் போர்ட் ஆர்தர் உட்படப் பதினொரு கைதி இடங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. ஹோபார்ட்டில் எழுத்தர்கள் நிரப்பிய பக்கங்களை டாஸ்மேனிய ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பெயரைத் தட்டினால் கப்பல், குற்றம், உயரம், தழும்பு வரை வந்து நிற்கும்.

ஜான் கெல்லியின் கல்லறை அவெனல் இடுகாட்டில் இருக்கிறது.